நோன்பு வாயில் சீனி

கெலிஓயாச் சந்தியில் இரும்புக் கடை வைத்திருந்த நளீருக்குச் சலரோகம், அதாவது சீனி வருத்தம் என்று கண்டி டொக்டர் சொன்ன அன்று, வெளியே வந்ததும் அவர் தன் மனைவி மஸீனாவிடம் கேட்ட முதல் கேள்வி, "இது வேற யாருக்கும் தெரியவராதுதானே?" என்பதுதான்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டுத் தொடக்கம். நளீருக்கு அறுபது தாண்டியிருந்தது. பிள்ளைகள் கல்யாணம் முடித்துத் தெல்தெனியப் பக்கம் போய்விட்டார்கள். அதனால் நோயின் வேலை முழுவதும் மஸீனாவின் தலையில் விழுந்தது. ஊசியையும் குழலையும் வெந்நீரில் அவிக்கவும், இன்சுலின் போத்தலை ஈரத்துணி சுற்றி மண்சட்டிக்குள் குளிர்ச்சியாக வைக்கவும், மருந்தை அளந்து எடுத்துக் குத்தவும் அவள் பழகிக்கொண்டாள்.

மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுச் சூடாக்கிப் பார்க்க வேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது. செங்கல் நிறத்துக்கு மாறினால் எங்கேயோ சீனி தின்றிருக்கிறார் என்று அர்த்தம்.

"தொழுற வீட்டுக்குள்ள இந்த அசுத்தம் புடிச்ச நஜீஸ வெச்சிப் பாக்கிறதா?" என்று நளீர் சத்தம் போட்டார். அவள் அடுப்பையும் கண்ணாடிக் குழாயையும் தூக்கிக்கொண்டு விறகுக் கொட்டிலுக்குப் போனாள். முழங்கால் வீங்கியிருந்த அவளுக்கு அந்த நாலு படி இறங்குவதே பெரும்பாடு. அதை யாரும் கேட்கவில்லை.

பெரும்பாலான நாட்களில் செங்கல் நிறம்தான். வீட்டில் சீனி சேராத குரக்கன் பிட்டும் பாகற்காயும் கொடுத்து அனுப்புவாள். போன இடத்தில் தேத்தண்ணியும் கித்துள் கருப்பட்டியும் நீட்டுவார்கள். வேண்டாமென்றால் ஏனென்று கேட்பார்களே என்று அவர் வாங்கிக் குடித்துவிடுவார்.

"எனக்குச் சீனி ஏலாண்டு ஒரு வார்த்த சொன்னா என்ன?" என்று மஸீனா கேட்பாள்.

"சொன்னா நாளைக்கே, நளீர் ஹாஜி முடிஞ்சி போனாருண்டு ஊரே பேசும். ஒனக்கு வெளங்காது."

அந்த ஆண்டுக் கடைசியில் நோன்பு வந்தது. ஊசி போடுகிறவர் பட்டினி கிடக்கவே கூடாது என்று டொக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். ஊசி போட்டுச் சாப்பிடாமல் விட்டால் உடம்பு நடுங்கும், வேர்த்துக் கொட்டும், பேச்சு புரளும், அப்போது உடனே சீனி கொடுக்காவிட்டால் ஆள் மிஞ்சாது என்றும் சொன்னார். நளீர் தலையாட்டினார்.

முதல் நோன்பன்று காலையில் மஸீனா ஊசி போட்டுவிட்டுப் பிட்டை எடுத்து வைத்தாள்.

"கட்டித் தா. கடையில போய் திங்கிறன்."

கட்டிக் கொடுத்தாள். இரண்டு மணி நேரம் கழித்துக் கடையில் மூட்டை தூக்கும் காளிமுத்து மூச்சிரைக்க வந்து நின்றார்.

"அம்மா, மொதலாளி ஒரு மாதிரியா பேசுறாருங்க. சட்டையெல்லாம் வேர்வையில நனைஞ்சு போச்சு. சாப்பாட்ட பிரிக்கவே இல்ல, என்கிட்டதான் குடுத்தாரு."

முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் ஓடினாள். முழங்கால் வலித்ததா என்றுகூட நினைவில்லை. கடைக்குள் ஆட்கள் கூடி நின்றார்கள். நளீர் தரையில் சரிந்து, ஆணிப் பெட்டியைத் துழாவிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். ஜின் பார்வை என்றார் ஒருவர்.

"பக்கத்துக் கடையில சீனி வாங்கிட்டு வாங்க," என்று காளிமுத்துவை விரட்டினாள்.

பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த ஹுஸைன் ஹாஜியார் முன்னே வந்தார். "நோம்பு வாய்க்குள்ள சீனியப் போடப் போறியா தங்கச்சி? பொறு, ஓதித் தண்ணி தெளிப்பம்."

"நீங்க ஓதுங்க நானா," என்றாள் அண்ணன் முறையில். "நான் போடுறன். இவருக்குச் சலரோகம். காலையில ஊசி போட்டதும் நான்தான்."

இத்தனை மாதம் பொத்தி வைத்தது அப்படித்தான் வெளியே வந்தது. நளீர் பல்லை இறுகக் கடித்துக்கொண்டார். அவள் விரலால் உதட்டை விலக்கி, காளிமுத்து கொண்டுவந்த சீனியை நனைத்துக் கன்னத்துக்குள் வைத்துத் தேய்த்தாள். துப்பினார். மறுபடியும் வைத்தாள். கடைசியில் விழுங்கினார். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. நாக்கால் வாயைத் தடவிப் பார்த்தவர், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

"என்ட நோம்ப முறிச்சிட்டியா?"

வேறொன்றும் கேட்கவில்லை.

வீட்டில் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊர்ப் பெண்களோ, நோன்புக் கஞ்சி வாங்கப் போன இடத்தில் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். மறுநாள் காலையில் நளீர் வழக்கம்போல ஊசிக்குக் கையை நீட்டினார்.

மஸீனா ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"நீங்களே குத்துங்க. எனக்கு ஏலா."

"என்ன புதுசா?"

"என்ட கையால போட்ட ஊசி. நேத்து நீங்க மௌத்தாகி இருந்தா கொன்னது நான். ஹுஸைன் நானாவும் இல்ல, ஊரும் இல்ல. அத ஒருக்கா நெனச்சிப் பாத்தீங்களா?"

நளீர் ஊசியை எடுத்தார். தொடையில் கோணலாகக் குத்தி, மருந்தில் பாதியை உடுத்திருந்த சாரத்தில் ஒழுகவிட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அழுகை வரும், அழுதால் அவர் ஜெயித்துவிடுவார் என்று தோன்றியது.

அன்று மாலை அவர் பள்ளிவாசலில் மார்க்கம் சொல்லும் லெப்பையிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். தீராத நோய்க்காரனுக்கு நோன்பு கடமையில்லை, விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவு கொடுத்தால் போதும் என்றாராம் லெப்பை. இதையேதான் மஸீனா நோன்புக்கு இரண்டு மாதம் முன்னால் ரஜப் மாதத்திலிருந்து தொண்டை வறளச் சொல்லி வந்தாள்.

"லெப்பை சொன்னதால கேக்குறன்," என்றார் நளீர்.

அந்த நோன்பு மாதம் முழுவதும் அவர் கடையின் பின்பக்கம் தகரங்களுக்கு நடுவே குந்திக்கொண்டு பிட்டுத் தின்றார். யாரும் உள்ளே வந்துவிடாமல் காளிமுத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டார். ஊருக்கே தெரிந்த பிறகு யாரிடமிருந்து ஒளிகிறார் என்று மஸீனாவுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் தின்கிறாரே என்று, கட்டிக் கொடுக்கும் பிட்டை மட்டும் ஒரு பிடி கூட்டி வைத்தாள்.