ஜெரோம் சூப்பர்வைசர் சுட்ட கானா பலகாரம்

எங்கப்பா ஜெரோம் கானா நாட்டிலிருந்து ஆவூருக்குத் திரும்பி ஐந்து மாதம் ஆகிறது. இந்த ஐந்து மாதமும் அம்மா அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போடுவாள், சட்டையைத் துவைத்து மடித்து வைப்பாள், காய்ச்சல் வந்தால் கஷாயம்கூட வைத்துக் கொடுப்பாள். பேச மட்டும் மாட்டாள். சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வாள், நான் அதை மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

"ஒங்கப்பாவை ரேசன் கடைக்குப் போகச் சொல்லு."

"அப்பா, ரேசன் கடைக்குப் போகணுமாம். அப்படியே மீசையையும் எடுத்துறணுமாம்."

மறுநாள் மனிதர் மீசை இல்லாமல் வந்து நின்றார். உரித்த பனங்கிழங்கு மாதிரி இருந்தது முகம். அம்மா பார்த்தாள், விறுவிறுவென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். சிரித்தாளா என்று தெரியாது, முதுகுதான் தெரிந்தது. பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்ட எனக்கு இந்தச் சேதி சொல்லும் வேலை ஒன்றுதான் உருப்படியாக அமைந்தது.

அப்பாவின் கதை பெரிய கதை எல்லாம் இல்லை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, ஆலங்குடிப் பக்கம் ஒரு முந்திரி ஃபேக்டரியில் மிஷின் பழுது பார்த்தார். நம்மூர்க் கொட்டை போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொட்டை வரும். அங்கிருந்து கொட்டை இங்கே வந்தது, இங்கிருந்து அப்பா அங்கே போனார். கொட்டையாவது விலை போனது. நாலு வருடம் கழித்து ஒரு பெட்டி, பூப்பூவாக இரண்டு சட்டை, 'சூப்பர்வைசர்' என்ற பட்டம் ஆகியவற்றோடு வந்து இறங்கினார். டீக்கடையில் கால்மேல் கால் போட்டு, "நான் சூப்பர்வைசரா இருந்தப்ப" என்று ஆரம்பித்தால் டீ மாஸ்டர் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவார்.

அம்மா பேசாததற்குக் காரணம் அவளுடைய அப்பா. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஆரோக்கியமுத்து தாத்தா படுத்த படுக்கையாகிக் கடைசி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது அம்மா கானாவுக்குப் போன் போட்டாள். மாமா, சித்தப்பா, சொந்தக்காரர்கள் எல்லாம் வெளியே திண்ணையில் அம்மாவைச் சுற்றி நின்றார்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"எப்படியாச்சும் கிளம்பி வாங்க."

"நான் இல்லாட்டி இங்க ஒரு மிஷின் ஓடாது செலினு. வீடியோ கால் போடு, பாத்துக்கிறேன்."

அத்தனை பேரும் கேட்டார்கள். மூன்றாம் நாள் தாத்தா போய்விட்டார். மருமகன் போட வேண்டிய கோடித் துணியைப் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் போட்டார். அன்றைக்கு மூடிய வாய்தான். அதன்பிறகு அப்பா போன் போட்டால் அம்மா எடுத்து என் கையில் கொடுத்துவிடுவாள்.

இப்படி இருக்கும்போது போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டு ரகசியம் சொன்னார்.

"ஜெனி, போஃப்ரோட் சுடப் போறேன்."

"அது என்னாப்பா?"

"கானா பலகாரம். ஃபேக்டரி கேட்டுக்கு எதிர்ல அகோசுவான்னு ஒரு அக்கா சுட்டுத் தரும். நாலு வருசமும் காலையில அதான் சாப்பாடு. ஒங்கம்மா ஒரு வாய் சாப்ட்டா போதும், பேசிருவா."

செத்தவருக்காக வந்த கோபத்தை மாவு உருண்டையால் அடைக்கப் பார்க்கிறவரை என்ன சொல்வது? கானாவில் வெயில் அதிகம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

கீரனூருக்கு பஸ் ஏறி பேக்கரிக்குப் போனோம். அங்கே சேரன் அண்ணனிடம் அப்பா ஈஸ்ட் கேட்டார்.

"வீட்டுக்கு எதுக்குங்க ஈஸ்ட்டு? சரக்கு காய்ச்சப் போறீங்களா?"

"ஃபாரின் ஐட்டம் தம்பி. ஒங்களுக்குத் தெரியாது."

"நாங்க பன்னு போடுறது எதுலங்கிறீங்க? அந்த ஈஸ்ட்டுலதான்" என்றபடி ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்தார் சேரன் அண்ணன். அப்பா காது கேளாதவர் மாதிரி வெளியே வந்துவிட்டார்.

அடுத்து நாட்டு மருந்துக் கடையில் ஜாதிக்காய். எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கு உரசிக் கொடுப்பது அது. நாற்பத்தாறு வயது ஆள் தனக்குத்தானே வாங்கிக்கொண்டார். பழம் வாங்கியது அதைவிட அசிங்கம். தோல் கறுத்து, கொசு மொய்த்து, கடைக்காரர் மாட்டுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த பூவன் பழச் சீப்பைக் கேட்டு வாங்கினார். "இப்படிக் கனிஞ்சாத்தான் இனிப்பு எறங்கும்" என்று எனக்கு ஒரு பாடம் வேறு.

வீட்டில் அடுப்படித் தரையில் உட்கார்ந்து பழத்தைப் பிசைந்தார். மைதா, சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, உரசிய ஜாதிக்காய், வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்த ஈஸ்ட். சப்பாத்திக்குப் போலக் கெட்டியாகவும் இல்லாமல், தோசைக்குப் போல ஓடாமலும், கையில் அள்ளினால் தொங்குகிற பதம். அம்மா ஒரு ஓரமாக முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்க்கவே இல்லை. ஆனால் காம்பு சட்டிக்குள் விழுந்தது, இலை குப்பைக்குப் போனது.

"இது ரெண்டு மணி நேரம் பொங்கணும்" என்றார் அப்பா. "மூடுறதுக்கு ஒரு வெள்ளைத் துணி வேணும். ஒங்கம்மாகிட்ட கேளு ஜெனி."

அம்மா கொல்லைப்பக்கம் போயிருந்தாள். நான் கேட்கவே இல்லை.

"பீரோல மேல்தட்டுல இருக்காம். எடுத்துக்கங்களாம்."

பீரோவின் மேல்தட்டை யார் தொட்டாலும் அம்மா கத்துவாள். கத்தட்டும் என்றுதான் சொன்னேன். கத்தலும் பேச்சுதானே. அங்கே ஒரு வெள்ளைத் துணி இருப்பது எனக்குத் தெரியும். என்ன துணி என்று தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

ஆவூர் வெயிலுக்கு ஒன்றரை மணி நேரமே அதிகம். மாவு குண்டானைத் தாண்டிப் பொங்கி, துணியைத் தூக்கிக்கொண்டு, பக்கவாட்டில் வழிந்து நின்றது. அம்மா உள்ளே வந்தாள். அப்படியே நின்றாள். பிறகு குனிந்து துணியின் ஓரத்தைத் தொட்டாள். பச்சைக் கரை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. தாத்தா கோயிலுக்குக் கட்டும் வேட்டி அது.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நான்தான் எடுத்தேன். பாப்பாவுக்குத் தெரியாது."

அவர் வாழ்க்கையில் அளந்துவிட்ட பொய்களிலேயே ஒருத்தருக்கு உபயோகப்பட்டது அது ஒன்றுதான்.

அம்மா நேராக அவரைப் பார்த்தாள்.

"இது யாரு வேட்டின்னு தெரியுதா?"

"தெரியலை செலினு."

"எப்படித் தெரியும்? வந்திருந்தாத்தானே தெரியும்." கத்தவில்லை, மெதுவாகத்தான் பேசினாள். அதுதான் பயமாக இருந்தது. "மருமகன் கிளம்பிட்டாரா, கிளம்பிட்டாரான்னு கேட்டுக்கிட்டே கெடந்தாரு எங்கப்பா. மொத நாளு கிளம்பிட்டாருன்னேன். மறுநாளு பிளேன் ஏறிட்டாருன்னேன். மூணாம் நாளு திருச்சியில எறங்கிட்டாருப்பா, வந்துக்கிட்டு இருக்காருன்னேன். கண்ணைத் தெறந்து வாசலைப் பாத்துக்கிட்டே போனாரு. சாகப்போற மனுசங்கிட்ட என்னையப் பொய் சொல்ல வச்சீங்களே."

அப்பா கையில் ஒட்டியிருந்த மாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். தேய்க்கத் தேய்க்க அது இன்னும் ஒட்டியது.

"பாஸ்போட்டு எங்கிட்ட இல்ல செலினு. போன அன்னிக்கே வாங்கி வச்சுக்கிட்டானுங்க. மாமாவுக்கு முடியலைன்னு நீ மொதமொதல்ல சொன்னப்பவே போயிக் கேட்டேன். ரெண்டு நாளு ஆபீஸ் வாசல்ல நின்னேன். காண்ட்ராக்ட் முடியாமத் தர மாட்டேன்னுட்டானுங்க."

"சூப்பர்வைசருக்குமா தர மாட்டானுங்க?"

அப்பா குண்டானின் பக்கவாட்டில் வழிந்த மாவை வழித்து உள்ளே போட்டார்.

"சூப்பர்வைசர் இல்ல. மிஷினுக்கு ஆயில் போடுற வேலை. கூட்டுறதும் சேத்து."

"இத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"ஸ்பீக்கர்ல போட்டிருந்த. ஒங்கண்ணன் இருந்தாரு, எல்லாரும் இருந்தாங்க. எப்படிச் சொல்றது?"

இந்த மனிதரைப் பற்றி நான் இனி என்ன எழுதுவது? மச்சான் காதில் சின்ன ஆளாக விழக் கூடாது என்பதற்காக, கட்டின மனைவியின் கண்ணில் ஒன்றரை வருடம் கல்நெஞ்சக்காரனாக இருந்திருக்கிறார். இப்படி ஒரு மடத்தனத்தை நான் எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை, நான் உட்கார்ந்தது எல்லாம் கடைசி பெஞ்சு.

அம்மா வேட்டியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, ஒட்டியிருந்த மாவை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுத்தாள். நெடுநேரம் எடுத்தாள். பிறகு அதை வாளித் தண்ணீரில் அமுக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். குண்டானைக் காட்டினாள்.

"இத என்ன செய்யப் போறீங்க?"

"சுடணும்."

"அப்ப எண்ணெய வைங்க. புளிச்சுறப் போவுது."

மன்னித்துவிட்டாள் என்று நான் சொல்லவில்லை. மாவு வீணாகிவிடும் என்றுதான் சொன்னாள். அப்பா எண்ணெய் காய வைத்து, மாவைக் கைப்பிடிக்குள் அள்ளிப் பிதுக்கினார். கட்டைவிரல் இடுக்கில் உருண்டையாக வர வேண்டும். அகோசுவாவுக்கு அப்படி வருமாம். இவருக்கு வால் வைத்த தலைப்பிரட்டை தலைப்பிரட்டையாக விழுந்தது.

"தீயக் கொறைங்க. வெளிய கறுத்து உள்ள வேகாது. தள்ளுங்க அங்கிட்டு."

அம்மா உட்கார்ந்தாள். அள்ளினாள், பிதுக்கினாள், சுண்டினாள். உருண்டு விழுந்தது. எண்ணெயில் தானாகப் புரண்டு பொன்னாகச் சிவந்தது. பழமும் ஜாதிக்காயும் சேர்ந்து அடித்த வாசனையைப் பற்றி எனக்குக் குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தேன்.

ஒன்றைப் பிய்த்து ஊதி வாயில் போட்டாள் அம்மா. அப்பா அவள் வாயையே பார்த்தார்.

"இதுக்கா பிளேன் ஏறிப் போனீங்க? நம்ம பழப் போண்டாதானே இது."

"இல்ல செலினு, இதுல ஈஸ்ட்டு போட்டு..."

"போண்டா."

"சரி, போண்டாதான்" என்றார் எங்கப்பா.

வாசனை தெருவரைக்கும் போயிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு மீனம்மாள் அக்கா வாசலில் வந்து எட்டிப் பார்த்தது.

"என்ன செலினு, போண்டா போடுறியா?"

அம்மா ஒரு தட்டில் ஆறு ஏழு உருண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

"போண்டா இல்லக்கா. கானா பலகாரம். இவுக அங்க சூப்பர்வைசரா இருந்தப்ப கத்துக்கிட்டு வந்தாக" என்றாள்.

அப்பா அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எண்ணெயில் கிடந்த நாலு உருண்டையும் கரியாகிக்கொண்டிருந்தன. அதை எடுக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.