எந்த டப்பாவிலிருந்து?

என் மகளுக்கு நாலு வயது வரை உப்பைத் தொடவே பயம். குற்றம் என்னுடையதுதான். அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் நான் காகிதக் குழாய் சுருட்டினேன், அவள் அப்பாவுக்கு வெடிமருந்து கலக்கும் வேலை. அந்த மருந்துப் பொடி அவர் சட்டையோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும். அதனால் அவள் தவழ ஆரம்பித்த நாளிலிருந்து, "பொடின்னா வாயில வைக்கக் கூடாது" என்று ஓதியே வளர்த்தேன். ஒருமுறை கோலமாவைத் தொட்டதற்குக் கையில் ஓர் அடியும் வைத்தேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

பிள்ளை பாடத்தை நன்றாகவே படித்துக்கொண்டாள். இட்லிப்பொடியைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். பால்வாடியில் சத்துமாவு கொடுத்தால் வாயைப் பொத்திக்கொள்வாள். "எடையே ஏறலையேம்மா" என்று டீச்சரே சொல்லிவிட்டார். ஆனால் இன்று உப்பைத் தின்னச் சொன்னால், நாளைக்கு அப்பா சட்டையில் இருப்பதையும் தின்றுவிட்டால்?

தீபாவளி முடிந்து கம்பெனி லீவு. ஒரு நாள் காலையில் அவளை அடுப்படியில் உட்கார வைத்து டப்பாக்களை வரிசையாகத் திறந்தேன்.

"இங்கன இருக்கிற டப்பால இருந்து அம்மா எடுத்துத் தந்தா மட்டும் திங்கலாம். வேற யாரு தந்தாலும் கூடாது. என்ன?"

"நீ மொதல்ல தின்னு" என்றாள்.

சீனியைத் தின்றேன். எனக்கு ஏதாவது ஆகிறதா என்று கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, நாக்கு நுனியால் தொட்டாள். முகம் மலர்ந்துவிட்டது. உப்புக்குக் கண்ணைச் சிமிட்டினாள். புளிக்குத் தோள் இரண்டும் காதைத் தொட்டன, ஆனாலும் "இன்னொண்ணு" என்று கையை நீட்டினாள். வெந்தயத்தை என் சேலையிலேயே துப்பினாள். பிறகு சத்துமாவில் கருப்பட்டிப் பாகு ஊற்றிக் கொடுத்தேன். கோலிக்குண்டு அளவில் ஒன்று, எலுமிச்சை அளவில் ஒன்று என்று அவளே உருட்டி, அவளே தின்றாள். அவள் சீனியில் உப்பைக் கலந்து ஊட்டியதை நானும் முழுங்கித் தொலைத்தேன். அம்புட்டு சிரிப்பு அன்றைக்கு!

லீவு முழுக்க இதே விளையாட்டுதான். கம்பெனி திறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் அப்பா குளித்துவிட்டு வந்து, ஆசையாக ஒரு சிட்டிகை சீனியை அவள் வாயருகே நீட்டினார்.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். "எந்த டப்பால இருந்து எடுத்தீக?"

"சீனி டப்பாதான் தாயி."

"அம்மா எடுத்துத் தந்தாகளா?"

"இல்ல, நானே எடுத்தேன்."

"அப்ப வேண்டாம்."

உதட்டை இறுக மூடிக்கொண்டாள். எவ்வளவோ கொஞ்சியும் திறக்கவில்லை. அவர் தோற்றுப்போய் என்னைப் பார்த்தார். நான் சிரிப்பும் கண்ணீருமாக எழுந்து, டப்பாவைத் திறந்து சீனி எடுத்துக் கொடுத்தேன். நக்கிச் சப்புக்கொட்டினாள்.

அதற்கப்புறம்தான் அவருடைய வேலைச் சட்டையைப் பரணிலிருந்து எடுத்து, மறுநாளைக்காகக் கொடியில் போட்டேன்.