மைதானத்தில் கட்டிய வீடு

எங்கள் தேயிலைத் தோட்டத்து எல்லே அணி அப்பாவைவிட வயதில் மூத்தது. மூங்கில் கம்பால் டென்னிஸ் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடிவரும் விளையாட்டு அது. தாத்தாவும் கூட்டாளிகளும் கல் பொறுக்கி மைதானத்தைச் சமப்படுத்தினார்களாம். அன்றிலிருந்து ஒவ்வொரு சித்திரைக்கும் கீழே இருக்கும் சிங்களக் கிராமத்து அணியோடு ஆட்டம். பெரும்பாலும் நாங்கள்தான் தோற்போம். ஆனாலும் ஆடாமல் விட்ட வருடம் இல்லை.

எனக்கு எட்டு வயதானபோது அம்மாவின் தம்பி, என் மாமா, அணிக்குத் தலைவர். அப்பா தொழிற்சங்கத்துக்குத் தோட்டத் தலைவர். ஒரே குடும்பத்தில் இரண்டு தலைவர்கள் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வேன்.

அந்த வருட மழையில், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மலை வெடிப்பு விட்டது. வந்து பார்த்த அதிகாரிகள், இனி லயத்தில் குடியிருக்க முடியாது, தனி வீடு கட்டச் சரிவில்லாத இடம் மைதானம் ஒன்றுதான் என்றார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார்.

மாமா வாசலிலேயே நின்றார்.

“வேற எடம் கேட்டிருக்கலாமே மச்சான். நீங்களும் அதுல ஆடுனவருதானே.”

“மண்ணு சரிஞ்சா புள்ளைங்கதான் மொதல்ல போகும்,” என்றார் அப்பா. “வேற எடம் இருந்தா கேக்க மாட்டேனா?”

அடுத்த சித்திரைக்குள் அத்திவாரம் வெட்டக் கயிறு கட்டிவிட்டார்கள். அதற்கு நடுவில்தான் ஆட்டம். கடைசியாக அடித்துவிட்டு ஓடிய மாமா கயிறு தடுக்கி விழுந்தார். பந்தால் எறிந்து அவரை அவுட்டாக்கினார்கள். கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். அப்பா போய்க் கை நீட்டினார். மாமா அதைத் தொடாமல், எதிரணிக்காரர் ஒருவரின் தோளைப் பிடித்து எழுந்தார்.

அதற்குப் பிறகு அணி கூடவில்லை. பையன்கள் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போனார்கள். மாமாவுக்கும் ஒரு வீடு ஒதுக்கியிருந்தார்கள். அவர் சாவியை வாங்காமலே மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டப் போய்விட்டார்.

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று அம்மா அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். மத்தியானம்வரை பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய் கிடைத்த பெருமையில் இருந்த நான், வந்தவர்கள் முன்னால் சொன்னேன்: “மாமாவுக்கு நம்ம வீட்டு மேல பொறாம.”

அப்பா அறைந்தார். அதுவரை அவர் என்னை அடித்ததே இல்லை. அழுதுகொண்டே நிமிர்ந்து பார்த்தால், அடிபட்ட என்னை விட்டுவிட்டு எல்லாரும் அவரைத்தான் தேற்றிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களின் நியாயம் இப்படித்தான் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.