பாலிஷ் போடாத பல்

குற்றாலத்தில் வழுக்கி விழுந்து என் முன்பல் உடைந்தது. தம்பி கல்யாணம் நெருங்கிவிட்டதால் தென்காசி டாக்டர் தற்காலிகப் பல் பொருத்தினார். "கொஞ்சம் இருங்க, பாலிஷ் போட்டுருதேன். இல்லன்னா கறை ஏறிரும்" என்றார். எனக்கு ஜவுளிக்கடை அவசரம். "கழட்டப் போற பல்லுக்கு எதுக்கு டாக்டர்?" என்று எழுந்துவிட்டேன்.

பாலிஷ் இல்லாத அந்தச் சொரசொரப்பில் பால் விடாத கட்டன்சாயாவும் குழம்பு மஞ்சளும் ஏறி, முகூர்த்தத்தன்று பல் பழுப்பாக இருந்தது. நாத்தனார் முடிச்சுப் போடப் பெண்ணுக்குப் பின்னால் நின்றேன். அங்கிருந்து நகர முடியாது. "அக்கா, சிரிங்க" என்று கேமராக்காரர் விடவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டேன். "மதினிக்கு நம்ம பிள்ளையப் பிடிக்கல போல" என்று பெண்ணின் அம்மா என்னைக் காட்டிச் சொன்னது காதில் விழுந்தது. வேறு வழியில்லாமல் சிரித்தேன்.

இப்போதெல்லாம் நாக்கால் தடவி வழுவழுப்பைப் பார்க்காமல் பல் டாக்டரின் நாற்காலியை விட்டு எழுவதில்லை. தம்பி வீட்டு ஹாலில் மட்டும் அந்தச் சிரிப்பைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள்.