அப்பா பார்த்துப் பழகிய நீதிபதி

என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் போரால் ஊர் ஊராக இடம்பெயர்ந்ததில் என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. கனடாவில் மொன்றியலுக்கு வந்தபின் பிரெஞ்சு வகுப்பில் இருந்தேனே தவிர ஒன்றும் ஏறவில்லை. ஆங்கிலம் மட்டும் டிவி பார்த்துப் பிடிபட்டது.

இரண்டாயிரங்களின் நடுவில் அங்கே கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்தோம். எங்கள் அகதி வழக்கின் விசாரணை நெருங்கிக்கொண்டிருந்தது. நிராகரித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கேள்வி கேட்பவரிடம் கோபப்படக் கூடாது என்று லோயர் அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்.

ஊரில் கொல்லப்பட்ட சித்தப்பாவின் உடலை அப்பாதான் அடையாளம் காட்டியிருந்தார். வீட்டில் மாமா விசாரணை அதிகாரியாக நடித்து ஒத்திகை பார்த்தார். "உங்கட தம்பியின்ரை உடம்புதான் எண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டதும் அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நீ ஆரடா என்னைக் கேக்க?"

ஒத்திகை அந்தக் கேள்வியைத் தாண்டவேயில்லை.

அந்த நாட்களில்தான் அமெரிக்க ஜனாதிபதி உச்ச நீதிமன்றத்துக்குத் தெரிவு செய்த ஒருவரை செனட்டர்கள் விசாரித்தார்கள். எந்தச் சானலைத் திருப்பினாலும் அவர்தான். அவருடைய பள்ளிக்கூடப் படத்தைக் காட்டினார்கள், அயலவர்களைப் பேட்டி எடுத்தார்கள். அவரை ஏற்கலாமா கூடாதா என்று மேசையைச் சுற்றியிருந்து சண்டை பிடித்தார்கள். அப்பா உணவக வேலைக்குக் கிளம்பும்வரை டிவியை விட்டு அசையமாட்டார். மொழிபெயர்ப்பு நான்.

"தம்பி, இப்ப என்னவாம்?" என்று என்னைக் கேட்பார்.

"முந்தி எழுதின ஒண்டைக் காட்டிக் கேக்கினம்."

"கோவப்படுறாரோ?"

"இல்லையப்பா. தண்ணி குடிக்கிறார்."

"பாத்தியே! முதல் தண்ணி. பேந்துதான் வாயைத் திறக்கிறார்."

மாமா சிரித்தார். "அத்தான், அந்தாள் தோத்தாலும் பழைய வேலை இருக்கு. நீங்கள் என்ன, நீதிபதியாப் போறியளோ?"

"நீ சும்மா இரு."

அதன்பிறகு ஒத்திகையில் அப்பாவுக்கு முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீர் இருந்தது. அந்தக் கேள்வி வந்ததும் ஒரு மிடறு குடிப்பார். பிறகு செய்தி வாசிப்பவர் போல, "அவன் போட்டிருந்த சேட்டைப் பாத்து, ஐயா" என்பார். அம்மா அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள் போய்விடுவார்.

டவுன்டவுனில் ஒரு சின்ன அறையில் விசாரணை நடந்தது. டிவியில் அந்த மனிதரின் மனைவி பிள்ளைகள் இருந்ததுபோல அம்மாவும் நானும் அப்பாவுக்குப் பின்னால் இருந்தோம். அதிகாரி ஒரு பெண். அப்பா எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில் அந்தக் கேள்வி வந்தது.

அப்பா கிளாஸை எடுத்தார். வாய்வரை கொண்டுபோனார். குடிக்கவில்லை. தண்ணீர் மேசையெல்லாம் சிந்தியது. கிளாஸைக் கீழே வைக்கவுமில்லை.

"ஐயா, பதில்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"அப்பா, சேட்டு" என்று நான் பின்னாலிருந்து கிசுகிசுத்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளினார்.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். வேறொன்றும் கேட்கவில்லை.

மெட்ரோவில் நான் அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்காமல் தள்ளிப்போய் நின்றேன். இவ்வளவு பழகியும் கோட்டைவிட்டுவிட்டாரே என்று அவ்வளவு கோபம்.

சில கிழமைகளில், எங்களை ஏற்றுக்கொண்டதாக லோயர் போன் பண்ணினார். அப்பா கட்டிலில் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டார். பதில் சொல்லாதவருக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்று நான் அம்மாவிடம் கேட்டேன்.

"அவர் பதில் சொன்னவர்தான், தம்பி."

"நான் பின்னாலதானே இருந்தனான். ஒண்டும் கேக்கேல்லையே!" என்று அன்று முழுக்க அம்மாவோடு சண்டை பிடித்தேன்.

மாசி 11, 2024