வேலுச்சாமியின் மூன்று ஆட்டின்

வேலுச்சாமியைப் போல நல்ல மனுசனும் கிடையாது, அவனைப் போல என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவனும் கிடையாது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். எழுபத்திரண்டில் கப்பலேறி வந்து, பெருமாள்மலை பேரிக்காய் மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தான். தோட்டத்து கிளப்பில் வேலை பார்த்தபோது துரைமார் முதுகுக்குப் பின்னால் நின்றே பிரிட்ஜ் சீட்டாட்டம் கற்றவன். செண்பகனூரில் மருந்துக்கடை வைத்திருந்த எனக்கு அவன்தான் ஜோடி. மே மாதப் போட்டிக்கு மலைமேல் ஒரு கிளப்பில் எங்களை விருந்தாளிகளாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

பிரிட்ஜில் சீட்டு இறங்கும் முன், எந்த இனத்தில் ஆறுக்கு மேல் எத்தனை பிடி எடுப்போம் என்று ஏலம் நடக்கும். கையில் ஆட்டின் இனம் நிறைய இருந்தால் நான் 'ஒரு ஆட்டின்' என்பேன். அடுத்தவர் 'டபுள்' என்பார். 'என் கை பலம். மற்ற இனங்களில் உனக்கு நீளமானதைச் சொல்' என்று அவர் தன் ஜோடிக்கு விடும் சேதி அது. அப்போது என் ஜோடியிடம் நாலு ஆட்டின் சீட்டு இருந்தால், வேறு ஒன்றுமே இல்லாவிட்டாலும் 'மூன்று ஆட்டின்' என்று தாவிவிட வேண்டும். எதிராளிக்குப் பேச இடமிருக்காது.

வேலுச்சாமிக்கு அது மட்டும் வராது. டபுள் என்ற சத்தம் கேட்டதும் 'பாஸ்' என்று வாயை மூடிக்கொள்வான். துரை பேசிய பிறகு கையில் ஒன்றுமில்லாதவன் பேசப்படாது, அது தோட்டத்துப் பழக்கம் என்பான். இங்கே எவன்டா துரை என்று கத்துவேன்.

எண்பத்தொன்றில், போட்டியின் முதல் ஞாயிறு, அந்தப் பாஸால் கடைசி இடத்துக்குப் போனோம். அடுத்த ஞாயிறு மண்டிக்காரனை விட்டுவிட்டு நல்ல ஜோடியாகக் கூட்டி வரும்படி கிளப் செயலாளர் அவன் எதிரிலேயே சொன்னார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இறக்கத்தில் நடக்கும்போது வேலுச்சாமி கோபமே இல்லாமல் சொன்னான்: "இப்ப நீங்களும் பாஸ்தானேண்ணே சொன்னீங்க."

சுருக்கென்று தைத்தது. ஊருக்கு உபதேசம் பண்ணுகிற வாய் எங்கே போயிருந்தது? திரும்பி மேடேறினேன். அவனும் பின்னாலேயே வந்தான். அந்த கிளப்பில் எனக்கு மட்டும் என்ன பிடிமானம்? இருந்தாலும் செயலாளரிடம் சொல்லிவிட்டேன்: "வேலுச்சாமி இல்லேன்னா நானும் இல்லீங்க."

அப்படியானால் இந்த முறையும் கடைசியாக வந்தால் இரண்டு பேருமே இந்தப் பக்கம் வர வேண்டாம் என்றார் அவர்.

அடுத்த ஞாயிறு, கடைசிக் கை. எதிரில் செயலாளரே உட்கார்ந்திருந்தார். நான் 'ஒரு ஆட்டின்' என்றேன். அவர் 'டபுள்' என்றார். வேலுச்சாமியின் காது சிவந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "மூணு ஆட்டின்" என்றான். செயலாளரின் ஜோடி வெகுநேரம் யோசித்துவிட்டு பாஸ் சொன்னார். செயலாளரும் உதட்டைக் கடித்துக்கொண்டு பாஸ்.

அந்த ஆட்டத்தில் எனக்கு இரண்டு பிடி குறைந்தது; சின்ன நஷ்டம்தான். ஆனால் எல்லா மேசைக்கும் அதே சீட்டுகள்தான்; மற்ற மேசைகளில் எதிராளிகள் இஸ்பேட்டில் பெரிய ஆட்டமே அடித்திருந்தார்கள். செயலாளருக்கு அதை ஏலத்தில் கேட்கவே வழியில்லாமல் போயிற்று. நாங்கள் மூன்றாவது இடம்.

அதெல்லாம் பிறகு தெரிந்தது. ஏலம் முடிந்து எதிராளியின் முதல் சீட்டு விழுந்ததும், ஏலம் எடுத்தவனின் ஜோடி என்ற வழக்கப்படி வேலுச்சாமி தன் சீட்டுகளை மேசையில் விரித்தான். நாலு பொடி ஆட்டின், ஒரே ஒரு ஜாக்கி, மிச்சமெல்லாம் குப்பை.

"இம்புட்டுத்தாண்ணே இருக்கு" என்றான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "போதும்டா" என்றேன்.