இரண்டு டிக்

எல்லாம் வரிசையாக நினைவிருக்கிறதா என்று கேட்டால், இல்லை. விசாரணையில் திரும்பத் திரும்பக் கேட்டு, என் காதையே நான் சந்தேகப்படும்படி செய்துவிட்டார்கள். ஆனால் நேரங்களை என் கையால் நோட்டில் எழுதினேன். அதனால் சொல்கிறேன், இது நடந்தது.

மலையில் மரம் வெட்டும் கம்பெனி. ஒருவர் வெட்டும்போது இன்னொருவர் தள்ளி நின்று, மரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வருடம் சந்தையில் மர விலை பாதியாக விழுந்தது. உடனே பார்க்கிற ஆளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பதிலுக்கு ஒரு வாக்கி-டாக்கி. தனியாக வெட்டுகிறவன் அரை மணிக்கு ஒருமுறை பொத்தானை இரண்டு தடவை அழுத்த வேண்டும். 'நன்றாக இருக்கிறேன்' என்று அர்த்தம். சத்தம் வராவிட்டால் அவனைத் தேடி ஆள் போகும். கீழே மர டிப்போவில் உட்கார்ந்து அதைக் கேட்டுக் குறிப்பது என் வேலை. ஒரு மனிதனுக்குப் பதிலாக இரண்டு சத்தம்.

அன்று தனியாக மேலே போனது என் தங்கை கணவன். தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்த ஆள். "சத்தம் லேட்டானா ஒப்பாரி வெச்சுடாதே மச்சான்" என்று கேலி செய்துவிட்டுத்தான் ஏறினான்.

8:30 சத்தம் 8:37க்கு வந்தது. 9:00 சத்தம் 9:05க்கு. பின்னணியில் ரம்பம் உறுமியது.

அடுத்தது, சரியாக 9:30.

டிக்... டிக்...

மாப்பிள்ளை திருந்திவிட்டார் என்று சிரித்துக்கொண்டேன்.

10:00. நொடி பிசகவில்லை. ரம்பச் சத்தம் இல்லை. காற்றின் சத்தம்கூட இல்லை.

10:30க்கு நானே கூப்பிட்டேன். "மாப்ள, ஏதாவது பேசு."

டிக்... டிக்...

வாயை மூடவே தெரியாதவன் அவன். சூப்பர்வைசரிடம் ஓடினேன். திங்கட்கிழமை விலை இன்னும் இறங்குமாம். அதற்குள் லாரி ஏற்றியாக வேண்டுமாம். யாரையும் அனுப்ப முடியாதாம்.

"நல்லா இருக்கேன்னு அவனே சொல்றான். நடுவுல உனக்கென்ன?"

திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஆமாம்... உட்கார்ந்தேன்.

கடைசி லாரி 3:00 மணிக்குப் போனது. கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். சூப்பர்வைசர் முணுமுணுத்தபடி பின்னால் வந்தான். வழியெல்லாம் மூடுபனி.

3:30. டிக்... டிக்...

மேலே போனோம்.

அடிமரம் கிடந்தது. அதன் கீழே அவன்.

தொட்டேன். சில்லிட்டிருந்தான்.

அவனுடைய வாக்கி-டாக்கி இடுப்போடு நசுங்கி, ஓடு வேறு, கம்பி வேறாகக் கிடந்தது.

மணி 4:00.

என் கையில் இருந்த கருவி...

டிக்.

டிக்.

சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவன் முகம் வெளிறியிருந்தது. அவனுக்கும் கேட்டது.

அந்த அலைவரிசையில் இருந்தவை இரண்டே கருவிகள்.

மூன்று நாள் கழித்து டாக்டர் சொன்னார். மரம் விழுந்தது ஒன்பதே காலுக்கு இருக்கலாம். அவன் உடனே சாகவில்லை. கிட்டத்தட்ட மதியம் வரை உயிர் இருந்திருக்கிறது. நகங்களுக்குள் மரப்பட்டை.

அந்த நேரமெல்லாம் அவனுக்காக யாரோ 'நன்றாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 9:30க்குச் சத்தம் வராமல் இருந்திருந்தால், பத்து மணிக்கு ஆள் கிளம்பியிருக்கும்.

எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்று சூப்பர்வைசர் விசாரணையில் சொன்னான். நான் உத்தேசமாகக் குறித்தேன் என்று எழுதிக்கொண்டார்கள். எனக்கு வேலை போயிற்று. அவன் இப்போது வேறொரு மலைக்கு மேலாளர். அன்று ஏற்றிய மரத்தை யாரும் வாங்கவில்லை, சந்தைக்குப் பின்புறம் மழையில் மக்கிவிட்டது. மேலே இன்றும் ஒருவனைத்தான் தனியாக அனுப்புகிறார்கள்.

தங்கை ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பதினோரு மணிக்கு நீ என்னண்ணா பண்ணிட்டிருந்தே?"

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.